ஏழாம் வண்டிக்கு ஊற்றிய தண்ணீர்

ஜூன் 5, வியாழன்

விடிந்ததில் இருந்து மழை. கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஊர்ந்துதான் வந்தது. க்ளப்பில் ஆள் இல்லை, புல்லெல்லாம் தண்ணீர். கோல்ஃப்காரர்களுக்கு மழை என்றால் லீவு. அவர்களை ஏற்றிப் போகும் பற்றரி வண்டிகளுக்கு இல்லை. நிறுத்தி வைத்தாலும் பற்றரி தானாக இறங்கும்.

3, 5, 7ஆம் வண்டிகள் சார்ஜில். 9இன் பற்றரி முனைகளில் மறுபடி வெள்ளைப் பொடி. அப்பச்சோடா கரைத்துத் தேய்த்தேன். ஷேர்ட்டில் அசிட் ஓட்டை, புதிது. ரெஜினா இருந்திருந்தால் அரை மணித்தியாலம் வாங்கிக் கட்டியிருப்பேன். மனைவியிடம் திட்டு வாங்காத ஷேர்ட்டுகளாக அலுமாரி நிறைகிறது.

கூட வேலை செய்யும் சுனில் அய்யே சார்ஜ் போட முன்னமே 3க்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார். கொதித்துப் பொங்கி மேலெல்லாம் அசிட். முதலில் சார்ஜ், பிறகு தண்ணீர். எத்தனை தரம் சொல்வது. "மறந்துட்டேன் மல்லி, ஏச வேணாம்." சிங்களத்தில் தம்பி என்று கூப்பிடுகிறவரை எப்படி ஏசுவது. நான் துடைத்தேன், அவர் பிளேன்டீ போட்டார்.

ரெஜினாவுக்கு காலையில் வொயிஸ் மெசேஜ். நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை. சைப்பிரஸில் அவள் வேலைக்கு நிற்கும் வீட்டுக் கிழவியை எழுப்பிக் குளிப்பாட்டும் நேரமாக இருக்கும்.

பின்னேரம் மேல்வீட்டு ஹாஜியாரின் இன்வேர்ட்டருக்குப் பற்றரித் தண்ணீர் விட்டேன், போத்தலில் வரும் வடித்த சுத்தத் தண்ணீர். அரைப் போத்தல் மிச்சம், எங்கள் மேசையில் வைத்தேன். அந்தோனியார் திருவிழா வருகிறது என்று மகள் ஷெரின் வீட்டைத் தலைகீழாக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாங்க வேண்டியது: சோப், ஷெரினுக்கு வெள்ளைச் சப்பாத்து பொலிஷ், ரப்பர் கையுறை.

ஜூன் 6, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

வீட்டில் புனிதர் சுரூபம் நிற்கும் தட்டில் ரெஜினா வைத்துவிட்டுப் போன தீர்த்தப் போத்தல். ப்ளேன் ஏற முதல் நாள் அந்தோனியார் கோயிலில் பிடித்து வந்தது. பிடிக்கப் போத்தல் தேடி, நான் கொண்டுவந்த வெற்றுப் பற்றரித் தண்ணீர்ப் போத்தலையே கழுவி எடுத்தாள். மாறிவிடக் கூடாது என்று அடியில் நெய்ல் பொலிஷால் சிவப்புச் சிலுவை. "இது முடியிறதுக்குள்ள வந்துடுவன், பாருங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்தோனியாரின் நாளான செவ்வாய்க்குச் செவ்வாய் ஷெரின் நெற்றியில் தொட்டு வைக்கிறேன். ஒரு மூடி அளவு, அதற்கு மேல் இல்லை. வீணாக்குவதில்லை. இவ்வளவு காலத்துக்கும் அரைப் போத்தல் அப்படியே நிற்கிறது. என் சிக்கனத்தில் எனக்கே ஒரு பெருமை. உள்ளுக்குள் அந்தோனியாரின் வேலையோ என்றும் ஒரு நினைப்பு.

இன்று காலை அவசரம். மேசையில் இருந்த போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். 7 சார்ஜ் நிறைந்திருந்தது. பற்றரி மூடிகளைக் கழற்றி ஒவ்வொரு அறையாக ஊற்றினேன். கடைசிச் சொட்டுக்குப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபோது அடியில் சிவப்புச் சிலுவை.

துடைக்கிறேன் என்று இரண்டு போத்தலையும் எடுத்து மாற்றி வைத்திருக்கிறாள் ஷெ.

அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுனில் அய்யே "ஷொக் அடிச்சதா மல்லி" என்று ஓடி வந்தார். ஓம் என்றேன்.

தீர்த்தத்தை மந்திரிக்கும்போது ஃபாதர் உப்புப் போடுவார். உப்பு பற்றரிக்கு விஷம். உடனே தெரியாது, மெதுவாகத் தின்னும். அவள் கடைசியாகக் கையால் பிடித்துத் தந்த தண்ணீரும் போயிற்று, வண்டியும் போகப்போகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

வெயில். வண்டிகள் எல்லாம் வெளியே. 7ஐ நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடியது.

சுரூபத் தட்டில் இப்போது நிற்பது பற்றரித் தண்ணீர். முன்னால் மெழுகுதிரி வேறு. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ரெஜினாவிடம் சொல்லிவிடுவதுதான் சரி. சிரிப்பாள். இன்னொரு போத்தல் பிடித்து வைங்க என்பாள்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ரெஜினாவுக்குக் கோல் எடுத்தேன். மூன்றாம் தரம்தான் பதில். படம் இல்லை, குரல் மட்டும். 7ஆம் வண்டிக் கதையைக் கொஞ்சம் பகிடியாகத்தான் சொன்னேன்.

சிரிக்கவில்லை.

"அது இன்னும் இருந்ததா?"

"அரைப் போத்தல் இருந்ததே."

"நான் அது எப்பவோ முடிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன், ஜெரி."

பிறகு அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். "நான் வரல்ல. இனி வரல்ல. இங்க எனக்கு வேற ஒரு வாழ்க்கை இருக்கு. சல்லி மாசா மாசம் வரும், அதில குறை வைக்க மாட்டன். ஷெரினுக்குத் தெரியும்."

"எப்ப சொன்னீர்?"

"போன நத்தாருக்கு. அப்பாவுக்குச் சொல்ல வேணாம் எண்டு அவதான் அழுதா."

டிசெம்பர் நத்தார், ஆறு மாதமாகப் போகிறது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சாப்பிட்டீரா என்று கேட்டேன் போல.

ஷெ. குசினி வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, அது கோயில் தண்ணி இல்ல. அது நத்தாரோட முடிஞ்சுது. நான்தான் பைப் தண்ணி ஊத்தி ஊத்தி வச்சன்."

"ஏன் பிள்ளை?"

"முடிஞ்சா நீங்க அம்மாட்ட எப்ப வாறீர் எண்டு கேப்பீங்க. அவ சொல்லிடுவா."

முதலில் மனதில் ஓடியது என்ன தெரியுமா? அப்படியென்றால் உப்பு இல்லை, ஒரு தரப் பைப் தண்ணீரைத் தாங்கும், 7 தப்பிவிட்டது. சத்தியமாக அதுதான். அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது. பிள்ளைக்கு முன்னால் அழுதேன். அவள் என் தலையைத் தடவிவிட்டாள். அது அவள் வேலையா?

வேலை நாள் முழுக்கத் தண்ணீர் மட்டம் பார்க்கிறவன் நான். ஒரு அறையில் விரலளவு கூடினால் குறைந்தால் கண்டுபிடிப்பேன்.

ஜூன் 9, திங்கள்

லீவு சொன்னேன். பிறகு போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

7இன் அறைகளை ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். மற்ற வண்டிகளோடு சரிசமம். ஒரு குறையும் இல்லை. அதற்காகவும் கோபம் வந்தது. சுனில் அய்யே கேட்டார், "வைஃப் கோல் பண்ணினதா?" பண்ணினா என்றேன்.

ரெஜினாவுக்கு மெசேஜ் அடித்து அழித்தேன். மறுபடி அடித்து அழித்தேன். வா என்ற ஒரு சொல்தான்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். ஷெ.யின் சீருடை சரியாகக் காயவில்லை, அயர்ன் போட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய் என்பதே நினைவில்லாதவன்போல் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டு சுரூபத் தட்டுக்கு முன்னால் போய் நின்றாள். போகவில்லை. நிற்கிறாள்.

போத்தலை எடுத்தேன். ஒரு மூடி ஊற்றினேன்.

"பற்றரித் தண்ணிதானே அப்பா?"

"ஓம்."

"பரவாயில்ல. வைங்க."

நெற்றியைக் காட்டினாள்.