நைனாவுக்குத் திரும்பிய பேச்சு

வடிவுடையம்மன் துணை

திருவொற்றியூர்

அன்பு மகள் பவானிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் நன்றாக இருக்கிறோம், உன் மனசுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தேறி வருகிறார், அந்த வெளிநாட்டுக் குளிரில் நீதான் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார், அதனால்தான் கடிதம். பக்கவாதத்தில் அவர் பேச்சு போனதிலிருந்து, மூளை ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நிற்கிறாய். வராதே, முடித்துவிட்டு வா. நீ சொன்னதுதானே எனக்குத் தைரியம். ஒரு செல் கூப்பிட்டால் இன்னொரு செல் பதில் கொடுக்கும், கூப்பிடக் கூப்பிட நடுவில் இருக்கிற இணைப்பு உறுதியாகும், விட்டால் தளர்ந்துபோகும், செத்த செல் திரும்பாது, ஆனால் பக்கத்தில் இருப்பவை புது இணைப்பு போட்டு அந்த வேலையைப் பழகிக்கொள்ளும் என்றாய். வாயே திறக்காத சில செல்கள் சுற்றி நின்று அவற்றுக்கு வேண்டியதை ஊட்டிவிடும் என்றாயே, அது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். நானா வாய் திறக்காதவள் என்று சிரிப்பாய், சிரி.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ராயபுரத்திலிருந்து ரூஹி என்ற பெண் வருகிறாள். படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பாள். படித்த பெண் முன்னால் நம் மானம் போகக்கூடாதென்று நான் முந்திக்கொண்டு, வீடு என்று சொல்லுங்கள், வீடு, வீடு என்று அவரைப் படுத்தி எடுத்தேன். மனுஷன் உதட்டைத் திறக்கவேயில்லை. போன வாரம் கோபம் தலைக்கேறி, படத்தைத் தட்டி, "வூடு" என்றார். நான் பதறிப்போய்த் திருத்தப் போனேன். ரூஹி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடுங்கம்மா, எங்க வூட்லயும் அதான் சொல்லுவோம்" என்றாள். பேசிப் பேசிப் பழகிய வழிதான் முதலில் திறக்கும்போல. அன்றைக்கே சோறு, தண்ணி, கலீஜ் என்று வரிசையாக வந்தது. கலீஜ் என்று முகம் சுளித்தது என் குழம்பைப் பார்த்து, இருக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், மனசு கஷ்டப்படாதே. ஞாயிற்றுக்கிழமை நீ, "அப்பா, எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாய். அவருக்கு விளங்கட்டும் என்றுதான் கேட்டாய், தெரியும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நீ போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, ஒரு தடங்கலும் இல்லாமல் கேட்டார், "யாரும்மே அந்தப் பொண்ணு?" முழுசாகப் பேசினாரே என்று அம்மனைக் கும்பிட்டேன், பேசியது இதுவா என்று அடுப்பங்கரையில் போய் அழுதேன்.

அதனால் முன்போல நைனா என்றே கூப்பிடு. இன்னா பண்ணிகினு கீறே என்று உன் பழைய வாயோடு கேள், படித்த படிப்பு எங்கேயும் ஓடிவிடாது. அம்மன் உன்னைக் கண்ணாகக் காப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. இந்த ஞாயிறு போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நிற்பேன். நீ யார் என்று நீயே அவருக்குச் சொல்லு.

உன் அம்மா,
மங்கை ராமதாஸ்