ட்ரென்டனில் போர்த்திய பொன்னாடை

அன்பு முகிலனுக்கு அம்மா எழுதுவது,

கண்ணு, இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், மாவும் சௌக்கியமாகப் பொங்குகிறது. ரிச்சர்ட்சனில் நீயும் மருமகள் வான்மதியும் எப்படி இருக்கிறீர்கள், அவளுக்கு இருமல் நின்றதா, ஏசியை அப்படிக் குளிர வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி நிற்கும்? போனில் சொன்னால் மீட்டிங்கில் இருந்துகொண்டு ம்ம் கொட்டுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. நம் மில் பிழைத்துவிட்டது! போன வாரம் கவர்னர் மசோதாவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாங்கள் வாடகைக்கு இட்லி மாவு ஆட்டுகிற அந்தப் பழைய மில்லை நீ போன தடவை பார்த்தாயே, கூரை ஒழுகி கிரைண்டர்களுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தோம். மில் ஓனர் ஃபிராங்க் நல்ல மனிதர்தான், ஆனால் அவ்வளவு பழைய கட்டடத்தைப் பழைய மாதிரியே சரிசெய்ய அவரிடம் பணமில்லை. இப்படிப்பட்ட கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்தால் செலவில் ஒரு பங்கை மாநில வரியில் கழித்துக்கொள்ளலாம், அந்த டாக்ஸ் கிரெடிட் இந்த வருஷத்தோடு முடிகிறது, நீட்டிக்காவிட்டால் வேர்ஹவுஸ்காரர்களுக்கு விற்றுவிடுவேன் என்றார். விற்றால் புல்டோசர்தான். நானும் என்னோடு மாவு ஆட்டுகிற பெண்களும் எங்கே போவது? ஸ்ட்ரிப் மால் கடைவரிசையில் ஒரு இடம் பார்த்து ஆட்டி வைத்தோம், வெயில் ஏறி மத்தியானத்துக்குள் மாவு புளித்து வழிந்து தரையெல்லாம் ஓடியது. மில்லின் தடித்த செங்கல் சுவருக்குள் அப்படி ஒரு நாளும் ஆனதில்லை. மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் சட்டசபைக் கமிட்டி முன்னால் யாரும் பேசலாம் என்று ஃபிராங்க் சொன்னதும் பேர் கொடுத்தேன். நீ என்ன சொன்னாய்? வேண்டாம்மா, உன் இங்கிலீஷுக்கு அசிங்கமாயிடும் என்றாய். நான் மறக்கவில்லை.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். முன்னால் பேசினவர்கள் ஆர்க்கிடெக்ட், வக்கீல், என்னென்னவோ பெரிய பெரிய கணக்கு. நான் மாவைப் பற்றிப் பேசினேன். இந்தச் சுவரை நம்பி எங்கள் குடும்பங்கள் இருக்கின்றன, சுற்றியிருக்கிற ஊர்களில் எங்கள் மாவில்தான் இட்லி வேகிறது, கூரையைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்றேன். இஸ், வாஸ் எல்லாம் இடம் மாறியது, யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் அப்பா எழுந்தார் பார், எனக்குக்கூடச் சொல்லாமல் பையில் பொன்னாடை! தலைமை தாங்குகிறவருக்குப் போர்த்தாமல் எப்படி வருவது என்று ஈரோட்டுச் சரிகைச் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு கமிட்டித் தலைவி அம்மாவை நோக்கி நேராக நடக்கிறார். காவலாளி குறுக்கே வந்து மறித்துவிட்டார். ஓட்டுக்கு வரும் விஷயத்தில் மெம்பர்கள் யாரும் பரிசு வாங்கக் கூடாது என்று ஒரு பெண் அதிகாரி வந்து சொன்னாள். லஞ்சம் கொடுக்க வந்தவர்கள் மாதிரி நின்றோம் கண்ணு, எனக்கு உடம்பெல்லாம் கூசியது, நீ சொன்னதே நடந்துவிட்டது, காரியமே கெட்டது என்று நினைத்தேன். ஆனால் மைக் இன்னும் என் முன்னால்தானே இருந்தது. இது எங்கள் ஊர் மரியாதை மேடம், சபையில் பெரியவர்களை வெறும் தோளோடு அனுப்ப மாட்டோம் என்றேன். தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார், எனக்கு வாங்க அனுமதியில்லை, இங்கே நன்றாகப் பேசிய ஒருவர் இருக்கிறாரே, அவருக்குப் போர்த்துங்கள் என்றார். தமிழ்ச் சங்கத்தில் எத்தனை பேருக்குப் போர்த்தியிருப்பார் உன் அப்பா, எனக்கு அன்றைக்குத்தான். ஹாலே எழுந்து கைதட்டியது. டாக்ஸ் கிரெடிட்டை நீட்டிக்கிற மசோதா அன்றைக்கே கமிட்டியில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது, அப்புறம் இரண்டு சபையிலும். எத்தனையோ பேர் பாடுபட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை, ஆனாலும் நான் ஜெயித்தேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வீடு வரைக்கும் அப்பாதான் ஓட்டினார். காரை நிறுத்திவிட்டு, நல்லாப் பேசுன புள்ள என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை, காரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஃபிராங்க் சாரம் கட்ட ஆரம்பித்துவிட்டார். புதுக் கூரைக்குக் கீழே முதல் மாவு ஆட்டும் அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும், இப்போதே டிக்கெட் போடு. வான்மதிக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு. முருகன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். அசிங்கமாயிடும் என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
பொன்னாடை போர்த்தப்பட்ட உன் அம்மா,
வள்ளி கருப்பசாமி