சாட்சிக் கையெழுத்து

புதியவற்றுக்கு இடம் வேண்டி ஆவண அறையைக் காலி செய்கிறார்கள். பழைய ஆய்வுக் குறிப்பேடுகளை எழுதியவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. என்னுடையவை ஆறு. பத்து நாளுக்கு முன்பு வாங்கி வந்தேன். நான்காவதைத் திறந்ததும் அசிட்டோன் வாடை. ஒன்பது வருடம் ஒரு அட்டைக்குள் அது தங்கியிருக்க முடியாது. என் மூக்கை நான் நம்பவில்லை.

ஆனால் நடுப்பக்கம் ஒன்றில் ஒட்டியிருந்த வடிதாள் துண்டு நிஜம். நீல நிறம். அதன் கீழே, தமிழில், என் எழுத்தில் ஒரு வரி: "அவள்தான். வேறு யாருமில்லை." அதற்கும் கீழே, சாட்சிக்கான கோட்டின் மேல், உன் பெயர்.

தமிழில்.

உனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. படிக்கவும் தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் அந்த வரியை எழுதினேன்.

போன வருடம் மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய். கேன்டீனில் யாரோ சொல்லித்தான் தெரியும். சாங்வியில் உன் வீட்டுக்கு நான் வரவில்லை. உன் அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டு. நான் திருநெல்வேலியிலிருந்து புனேவுக்கு வந்து மூன்றாம் வருடம். நீ இங்கேயே பிறந்தவள். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அப்பா. வீட்டில் பேசும் ஆற்காட்டுத் தமிழில் பாதி இந்தி. நான் சாயங்களைச் செய்வேன். நீ அவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சூரிய மின்கலமாக்குவாய். மொட்டைமாடி வெயிலில் வைத்து மீட்டரின் முள்ளை இருவரும் குனிந்து பார்ப்போம். உன் நிழல் தகட்டில் விழும். "தள்ளு," என்பேன். "நீ தள்ளு," என்பாய்.

நம் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கோடுகள். ஒன்று செய்தவருக்கு. மற்றது, படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்திடும் சாட்சிக்கு. உன் பக்கங்களுக்கு நான், என் பக்கங்களுக்கு நீ. யாரும் படிப்பதில்லை. மாதக் கடைசியில் மொத்தமாகப் போடுவோம்.

அந்தக் கோடையில் என் சாயங்கள் கெட ஆரம்பித்தன. குப்பிகளைக் கறுப்புத் தாளிலும் அலுமினியத் தாளிலும் சுற்றி டிராயரில் வைப்பேன். ஒரு வாரத்தில் பாதி சிதைந்திருக்கும். வெளிச்சம் பட்டால் சிதைகிற பொருள். அப்படியென்றால் யாரோ திறக்கிறார்கள். என் யோசனை அதற்கு மேல் போகவில்லை. அதே வாரம் உன் மின்கலம் ஒன்று நல்ல மின்னோட்டம் காட்டியது. எந்தச் சாயம் என்று கேட்டேன். "பழசுதான்," என்றாய். எந்தப் பழசு?

பிறகு ஒரு மத்தியானம். என் டிராயரின் முகப்பில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தாய்.

"இன்னாடி இது, உன் டிராயர்ல பாப்பட் சுடலாம் போலருக்கு."

"அதை ஏன் தொட்ட?"

"அரே, சாஞ்சு நின்னேன். கை பட்டுச்சு."

"உள்ள சூடா இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வந்துட்டாங்க சிஐடி மேடம். உனக்கு எதுக்கெடுத்தாலும் ஷக். கண்ணாடில உன் மூஞ்சியப் பார்த்தாக்கூட யாருன்னு ஷக் பண்ணுவே."

சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஷக் என்றால் உன் வீட்டுத் தமிழில் சந்தேகம். உள்ளே சூடு என்பது திறந்தவளுக்குத்தான் தெரியும். அதை நீயே சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன்.

நாம் தேடிக்கொண்டிருந்தது வெளிச்சத்தில் நிறம் மாறி, இருட்டில் பழைய நிறத்துக்குத் திரும்பும் சேர்மம். திரும்பாத ஒன்று என்னிடம் இருந்தது. தோல்வி என்று ஒதுக்கியது. ஒருமுறை நீலமானால் நீலம்தான். அதை வடிதாளில் தோய்த்து, இருட்டில் உலர்த்தி, வெள்ளையாகவே குப்பிகளுக்கு நடுவே வைத்தேன். யாராவது டிராயரைத் திறந்தால் நீலமாகிவிடும். வெள்ளி மாலை. திங்கள் காலை கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, சிவப்பு விளக்கில் டிராயரைத் திறந்தேன். தாள் கறுப்பாகத் தெரிந்தது. சிவப்பு வெளிச்சத்தில் நீலம் அப்படித்தான் தெரியும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

நம் ஆய்வு வழிகாட்டி சாரிடம் தாளைக் காட்டினேன். "ஆர் யூ ஷ்யூர்?" என்றார். ஆமாம் என்றேன். எந்த மாணவி எந்த முடிவைக் கொண்டுபோனாலும் அவருடைய முதல் கேள்வி, "கண்ட்ரோல் எங்கே?" அதே தாளை யாரும் தொடாத வேறோர் இடத்தில் வைத்து ஒப்பிட்டாயா என்று அர்த்தம். அன்று அவர் கேட்கவில்லை. நானும் வைக்கவில்லை.

உன் உதவித்தொகையை ஒரு வருடம் நீட்டக் கேட்டிருந்தாய். அந்த ஒரு வருடத்தில் ஆய்வேட்டை முடித்திருப்பாய். நீட்டவில்லை. காரணம் சொல்லவில்லை. ஜூலை மழையில் போனாய். போகும் முன் பாக்கி இருந்த சாட்சிக் கையெழுத்துகளைப் போட்டாக வேண்டும். என் குறிப்பேட்டை உன் மேஜையில் வைத்துவிட்டு நான் நூலகத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ இல்லை. திறந்து பார்க்காமல் ஆவண அறையில் கொடுத்தேன்.

ஊரிலிருந்து எனக்கு வரும் வாரப் பத்திரிகையின் ஜோக்குகளை உனக்குப் படித்துக் காட்டுவேன். நீ வரிகளுக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வருவாய். "இதுல சிரிக்க இன்னா இருக்கு?" என்பாய். விளையாட்டு என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும், இரண்டு வருடம். அந்த விரலை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

பிறகு ஒரே ஒருமுறை பார்த்தோம். பஸ் நிறுத்தத்தில். போசரியில் இருக்கும் ஒரு பெயின்ட் கம்பெனியின் அட்டை உன் கழுத்தில் தொங்கியது.

"எப்படிக் கீறே, சிஐடி?"

"நல்லாருக்கேன். வேலை எப்படி?"

"ஜாலி. அங்க எந்த டப்பாவும் நிறம் மாறக் கூடாது. மாறாம பார்த்துக்கறதுதான் நம்ம வேலை."

சிரித்தாய். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று வாரக்கணக்கில் யோசித்தேன். அப்போது அந்த வரியை நீ படித்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

போன வாரம் அந்தச் சேர்மத்தை மறுபடி செய்தேன். செய்முறை அதே குறிப்பேட்டில் இருந்தது. டிராயர் இன்னும் இருக்கிறது. அதன் மேலே, அன்றும் இன்றும், கண்ணாடிக் குடுவைகளை உலர்த்தும் ஓவன். சனி, ஞாயிறும் அணைக்க மாட்டார்கள். புதிய ஓவன், பழையதைவிடச் சூட்டை அடக்கக்கூடியது. ஒரு தாளை டிராயரில் வைத்து, யாரும் திறக்காதபடி அரக்கு வைத்தேன். இன்னொன்றைக் கீழ்த்தளத்தில் குளிர்ந்த அலமாரியில். இரண்டும் இருட்டு. வெள்ளி மாலை.

திங்கள் காலை அரக்கு உடையாமல் இருந்தது. டிராயரில் இருந்தது நீலம். அலமாரியில் இருந்தது வெள்ளை.

சூடு. வெளிச்சத்தையே படித்துக்கொண்டிருந்தவளுக்குச் சூடு தோன்றவில்லை. நீ உள்ளங்கையை வைத்துச் சொன்ன பிறகும் தோன்றவில்லை.

நீ ஒருமுறையும் திறக்கவில்லை என்று இது காட்டாது. தாள் எதையும் சொல்லவில்லை என்றுதான் காட்டுகிறது. உன்னை இப்போது முழுதாக நம்புகிறேன் என்று எழுதினால் அதையும் நீ சந்தேகப்படலாம். அந்த "பழசு" எது என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கேள்வி ஓடுகிறது. வெட்கமாக இருக்கிறது. ஓடுகிறது.

இரண்டு தாள்களையும் புதிய குறிப்பேட்டில் ஒட்டினேன். என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன், யாரிடம் போய் என்ன சொன்னேன், எல்லாம் எழுதினேன். செய்தவருக்கான கோட்டில் என் பெயர். பக்கத்து பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்தாள். "மேடம், மீ சைன் கரூ கா?" தான் சாட்சி போடட்டுமா என்று கேட்கிறாள், பேனாவைத் திறந்தபடி.

வேண்டாம் என்றேன். பக்கம் முழுக்கத் தமிழில் இருக்கிறது. அவளால் படிக்க முடியாது.

சாட்சி இல்லாத பக்கம் உள்ள குறிப்பேட்டை ஆவண அறையில் வாங்க மாட்டார்கள். என் பையிலேயே இருக்கிறது.