மருமகனின் காது

ஆவணி, கடைசி ஞாயிறு. சின்னமனூர்.

இன்று ஓடைப்பட்டியில் தங்கை மகனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்பதால் என் மடியில் உட்கார வைத்தார்கள். காயம் பட்டால் இரத்தத்தில் உள்ள பொருள்கள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு, கடைசியில் வலைபோலக் கட்டி அடைத்துவிடும். அவற்றில் ஒன்று எனக்குப் பிறவியிலேயே இல்லை; காயம் பட்டால் இரத்தம் லேசில் நிற்காது. அம்மா வழியாக வந்த நோய். தங்கை வழியாக அவனுக்கும் வரலாம். முதலில் இரத்தத்தைச் சோதிப்போம் என்றேன்.

"ஏலே, வாயத் தொறக்காத. சம்பந்தகாரவுக காதுல விழுந்தா எம்மக வாழாவெட்டியா நம்ம வீட்டுல வந்து நிப்பா" என்றாள் அம்மா.

என் நோயை மூட்டுவலி என்று சொல்லித்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தை செத்தாலும் பரவாயில்லை, சம்பந்தி முகம் கோணக்கூடாது. நானும் வாயை மூடிக்கொண்டு அவன் தலையைப் பிடித்தேன்.

ஆசாரி குத்தினார். ஒரு சொட்டு வந்து நின்றது. சந்தனம் தடவியதும் பயல் அழுகையை விட்டுவிட்டு வாழைப்பழம் தின்றான். எனக்கு ஒரு பல் பிடுங்கவே இரத்தம் உறையும் ஊசிக்குத் தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மருந்து தீர்ந்துபோச்சு, நாளைக்கு வா என்பார்கள். நிம்மதிக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஒரு வயதுக் குழந்தைமேல்.

இந்த நோயில் நின்ற இரத்தம் மறுபடி கசியும். அதனால் சற்றுமுன் தங்கைக்குப் போன் செய்தேன்.

"காது காஞ்சிருச்சுண்ணே, தூங்குறான். காலையில இருந்து அவன் காதையே பாத்துக்கிட்டு இருந்த. எம்புள்ளைக்கும் வரணும்னு இருக்கா ஒனக்கு?"

இல்லை என்று உடனே வாயில் வரவில்லை. வந்தபோது அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.