இருபதடியில் இறங்குகிறவன்

2005 மார்கழி, வியாழன் இரவு.

மாமாவின் மகன் ரமணன் கனடாவிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. ரோபோவைத் தவிர அவனுக்கு வேறு கதையில்லை. ஆட்களுக்குக் கிட்டப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்று ரோபோவுக்குப் பழக்குவதுதான் வேலையாம். தூரத்தில் தலையாட்ட வேண்டுமாம். கிட்ட வந்தால் வேகத்தைக் குறைத்துக் குரலைத் தாழ்த்த வேண்டுமாம். இதற்கு ஒரு படிப்பு, சம்பளம் வேறு.

இன்று மீன் வாங்க இருவரும் ஓலைத்தொடுவாய்க்குச் சைக்கிளில் போனோம். வழியில் ஆமிச் சென்றி, மண்மூட்டை அடுக்கிய காவலரண். இருபதடி முன்னாலேயே நான் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டினேன். இந்த மேதாவியோ கதைத்தபடி நேரே மண்மூட்டை வரைக்கும் மிதித்துக்கொண்டு போனான். ஆமிக்காரன் துவக்கை நீட்டினான்.

"இறங்கடா விசரா!" என்று கத்தினேன். சைக்கிளோடு விழுந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சித்தான் அவனை மீட்டேன்.

திரும்பி வரும்போது என்னைப் பார்த்து அவனும் இறங்கினான். சென்றியைத் தாண்டி நான் தொப்பியைப் போட்டதுமே, வெட்கமே இல்லாமல் குறிப்பெழுதக் கொப்பியை எடுத்துவிட்டான்.

"மச்சான், எத்தினை அடியிலை இறங்கோணும் எண்டு உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"உன்ரை ரோபோவைக் கேள்," என்றேன். கொப்பியை மூடி வைத்தான். எனக்குப் பெரிய திருப்தி.

தோட்டவெளியில் எங்கள் வீட்டு வாசற்படலை தெரிந்ததும் நான் இறங்கி உருட்டினேன். அவன் என்னைத் தாண்டி மிதித்துப் போய், படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"இதிலை ஏன் மச்சான் இறங்கினனீ? இது உன்ரை வீடெல்லோ?"

அப்போதுதான் கவனித்தேன். தொப்பியும் கையில் இருந்தது.