மச்சானுடன் கொழும்பில் நாலு நாள்

1957 மே 6, திங்கள்
கொழும்பு. காலையிலிருந்து மழை. குடை இல்லை. "மே மாசத்துல எவன் குடை தூக்குவான்?" என்று ஆரோக்கியம் மச்சான் சொன்னதன் பலன். கோட்டை ஸ்டேஷனிலிருந்து தங்கும் இடத்துக்கு நடை. டிராலி பஸ் பக்கத்திலேயே போகிறது. "நடந்தாத்தான் ஊரு தெரியும் மாப்ள." சேறுதான் தெரிந்தது.

மச்சான் என்று எழுதுவது இன்னும் முறைப்படி இல்லை. இவர் தங்கை ரெஜினாவை எனக்குப் பேசி முடித்திருக்கிறது. வரும் ஞாயிறு திண்டுக்கல் கோயிலில் முதல் கலியாண ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கலியாணம். "அதுக்குள்ள ஒருக்கா கொழும்பு பாத்துருவோம், வாத்தியாருக்குப் பள்ளிக்கூடமும் லீவுதான" என்று இழுத்து வந்துவிட்டார். அப்பாவும், "போய்ட்டு வாப்பா, பழகுன மாதிரி இருக்கும்" என்றார். பழகுகிறோம்.

தங்கல் புறக்கோட்டையில், வெங்காயக் கடை மாடி. படுக்கை சாக்கின்மேல். கடைக்காரர் மச்சானுக்கு ரொம்ப வேண்டியவராம். அது கடைக்காரருக்குத் தெரியவில்லை.

மே 7, செவ்வாய்
மழை. காலில் கொப்புளம் இரண்டு.
கண்டது: கடல். கப்பல் பதினொன்று. காலிமுகத்திடலில் துரைமாரின் நாய்கள்.
காணாதது: மிருகக்காட்சிசாலை (தூரமாம், பஸ் ஏற மாட்டார்). மியூசியம் (வழி தவறியது. யாரிடமும் கேட்கவும் மாட்டார்).

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் வெறும் சோறும் குழம்பும் வைத்தார்கள், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. "வெஞ்சனம் இல்லையா?" என்றேன். பரிமாறுகிறவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்றார். மச்சான் இலைமேல் விழுந்து விழுந்து சிரித்தார். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது.

"இனிமே நீங்க வாயத் தொறக்காதீங்க மாப்ள. அந்த பாஸ்போர்ட்டையும் இங்கிட்டுக் குடுங்க, தொலைச்சுருவீங்க." கொடுத்துத் தொலைத்தேன்.

மே 8, புதன்
எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். மச்சான் பத்தடி முன்னால். ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். அரைகுறைத் தமிழ். "கடுதாசி எங்கே? கள்ளத்தோணியா?" திருட்டுத்தனமாய்ப் படகில் வந்து இறங்குகிறவனுக்கு இங்கே அந்தப் பேர்.

"மச்சான்!" என்று கத்தினேன். திரும்பினார். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது என்று கை காட்டினேன். போலீஸ்காரர் அவரைக் கேட்டார்: "இது உங்க ஆளா?"

"தெரியாதுங்க. நான் கோயிலுக்கு வந்தவன்."

தெரியாதாம்! தோளில் தொங்கிய பையில் என் பாஸ்போர்ட், என் சட்டை, என் அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கு. அந்தப் பையோடு விறுவிறுவென்று போயே விட்டார். படுபாவி.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நாலு மணி நேரம். கடைசியில் வெங்காயக் கடைக்காரர்தான் பாஸ்போர்ட்டோடு வந்து மீட்டார். "அவர் பயந்துபோய்ப் படுத்திட்டார். என்னட்டத் தந்து விட்டவர்." வழியில் கேட்டார், "உங்கட சொந்தக்காரரோ?"
"இன்னும் இல்லை" என்றேன்.

மே 9, வியாழன்
பேச்சு வார்த்தை இல்லை. ராத்திரி ரயில், தலைமன்னாருக்கு. பாஸ்போர்ட் என் மடியில். ரயில் கிளம்பியதும் மச்சான் மெல்ல ஆரம்பித்தார்.

"நானும் மாட்டியிருந்தா ரெண்டு பேருமில்ல உள்ள இருந்துருப்போம்? யோசிச்சுப் பாருங்க."
யோசித்தேன். கன்னத்தில் ஒன்று விடலாமா என்று.
"வீட்டுல சொல்லிராதீங்க மாப்ள. ரெஜினாவுக்குத் தெரிஞ்சா எம் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டால் என்ன? ஆயுசுக்கும் இந்த ஆளோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டுமே. ஆனால் அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? முறுக்கையும் இவரே தின்று தீர்த்திருக்கிறார்.

மே 12, ஞாயிறு
திண்டுக்கல். நல்ல வெயில், அப்பாடா. வீட்டில் எதுவும் சொல்லவில்லை. "ஊரு எப்படிடா?" என்றார் அப்பா. பெரிசு என்றேன்.

பூசையில் ஓலை வாசித்தார்கள். என் பெயர், ரெஜினா பெயர். பிறகு சாமியார், "இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சொல்லி நிறுத்தினார்.

பெண்கள் பக்கம் ரெஜினா, முக்காட்டுக்குள். ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அதை நேற்றே முடிவு செய்துவிட்டேன். மச்சான் எனக்கு நேர் முன்னால் முழங்காலில். பிடரியில் வேர்வை ஓடியது.

தொண்டையைக் கனைத்தேன். சும்மாதான்.

மச்சான் துள்ளி எழுந்து, முகம் வெளிறிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

இன்னும் இரண்டு ஓலை பாக்கி.