அகலமாகவே வந்த அலை

அன்பு மகளுக்கு,

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்தாகிவிட்டது. இதயத்தின் சொந்த மின்பாதையில் கம்பி பதிந்தால் ஈசிஜி அலை ஒடுங்கி வரும். தளர்ந்துபோன அவர் இதயம் தேற அதைத்தான் நம்பியிருந்தோம். ஆபரேஷன் அறையில் திரையைப் பார்த்துச் சொல்வது என் வேலை, உனக்குத் தெரியும். டாக்டர் கம்பியை இடம் மாற்றி மாற்றித் திருகினார். ஒவ்வொரு முறையும் அலை அகலமாகவே வந்தது.

விழித்தபடி படுத்திருந்த அப்பா, “என்ன, வாயையே திறக்க மாட்டேங்கிற?” என்றார்.

“நல்லா வருதுங்க” என்றேன்.

டாக்டர் நிமிரவில்லை. அந்த மின்பாதையை விட்டுவிட்டு, வழக்கமான இடத்திலேயே கம்பியைப் பொருத்தி முடித்துவிட்டார்.

இனி பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாராம். நான் கட்டிலைக் கீழறைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

விடுமுறை வரட்டும் என்று இருக்காதே, பிள்ளையோடு கிளம்பி வா. அவர் கேட்டால், சும்மா பார்க்கத் தோன்றியது என்று சொல்.

அம்மா